மழலையர் செய்யும் சொல்லாராய்ச்சி

பேசக் கற்கும் குழந்தை, பெற்றோர் வழங்கும் சொற்களை அப்படியே ஏற்றுக் கிளிபோல் திருப்பிச் சொல்லுகின்றது என்பதே பெரும்பாலோர் எண்ணம். அவ்வெண்ணம் பொருந்தாதென்பதைச் சிறுகுழந்தையுள்ள வீட்டில் ஒரு திங்களேனும் செவி கொடுத்துக் கேட்டார் எவரும் அறிவர். குழந்தை தான் கேட்ட சொல்லைப் பிரித்துப் பார்க்கின்றது. பிரித்த துண்டுகளுள் தனக்கு முன்னரே பழக்கமானது ஏதேனும் உண்டோ என்று தேடுகின்றது. உண்டெனின், அதனைக் கொண்டே முழுச்சொல்லுக்கும் ஒரு பொருள் அமைத்துக்கொள்ளுகின்றது. அப்பொருள் அகராதிப் பொருளோடு ஒவ்வாதபோது நாம் நகைக்கின்றோம். நகைப்பது இயல்பே. ஆயினும் நகைத்த பின்னர்ச் சிறிது ஆராய்ந்து நோக்குவோமாயின், நம் நாட்டு ஊர்ப்பெயர்கள் சிலவும் நாம் நாள்தோறும் வழங்கும் சொற்கள் சிலவும் இதே முறையால் உருப்பெற்றன என்பது புலனாகும். இதனை விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து எடுத்துக்காட்டுகளைக் கொண்டு விளக்கக் கருதுகின்றேன். நம் மாணவருள் பலர் அப்பக்கத்தார். ஆசிரியத் தொழிலை மேற்கொண்டு அப்பக்கத்துப் பள்ளிகளுக்கே செல்ல இருப்போரும் சிலர் உளர். ஆதலின் இஃது அவர்க்கு வெறும் வேடிக்கையாக முடியாது.

குழந்தையின் முன் நிற்கும் இடர்ப்பாடு இன்னதென முதற்கண் உணர்தல் வேண்டும். அச்சிட்ட தாளிற் சொல்லுக்குச் சொல் இடம் விட்டிருக்கின்றது. பேச்சில் அவ்வாறு இல்லை. தாய் மரத்தைச் சுட்டிக் காக்கையைக் காட்டுங்கால், அவள் கூறும் எழுத்துக்களெல்லாம் ஒரே ஒழுக்காகக் குழந்தையின் செவியை அடைகின்றன. பழைய ஓலைச்சுவடிகளைப் பார்த்தார்க்கு இந்நிலை எளிதில் விளங்கும். அவற்றிற் சொற்களுக்கிடையே இடம் இராது. மெய்யெழுத்துக்குப் புள்ளியும் பெரும்பாலும் இராது. ஏட்டினின்று நூல்களை அச்சுக்குக் கொணர்ந்த பதிப்பாசிரியர்கள், 1887-இல் சீவகசிந்தாமணியை வெளியிட்ட உ. வே. சாமிநாதையர் உள்ளிட்டோர், ஒரு சொல் எங்கே முடிகின்றது, மற்றொன்று எங்கே தொடங்குகின்றது என்பதை உய்த்துணர்ந்தே பிரித்தனர். முதிர்ந்த புலவர் பல்லாண்டு பயின்று செய்த அவ்வேலையைத் தொட்டிலிற் கிடக்கும் குழவி நாள்தோறும் செய்கின்றது.

இதற்குக் குழவியிடத்து உள்ள கருவி யாது? 1996-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளராகிய சாஃப்ரன், ஆஸ்லின், நியூப்போர்ட் என்னும் மூவர் எட்டுத் திங்கட் குழந்தைகளுக்குப் பொருளற்ற அசைகளை இடைவிடாமல் இரண்டு நிமிடம் கேட்பித்தனர். எவ்வசையை அடுத்து எவ்வசை மிகுதியாக வருகின்றது என்னும் கணக்கு ஒன்றைக் கொண்டே, ஒன்றாகச் சேர்ந்து வரும் அசைக்கூட்டம் இது, தற்செயலாக அடுத்து நின்றது இது என அக்குழந்தைகள் வேறுபடுத்தின. அவை செவிசாய்த்த நேரத்தை அளந்து இதனைக் கண்டனர். எண்ணத் தெரியாத பருவத்திலேயே குழந்தை ஒருவகையில் எண்ணுகின்றது என்பது வியப்பன்றோ?

ஆனால் கணக்கு, வெட்டும் இடத்தைத்தான் காட்டும், பொருளைக் காட்டாது. பொருளுக்குக் குழந்தை தன்னிடமுள்ள சிறிய சொற்கிழியையே நாடவேண்டியிருக்கின்றது. மூன்று வயதுக் குழந்தையின் கிழியிலே மரம், மயில், வண்டி, மாமா, பாட்டு, பழம் போன்ற காசுகளே உண்டு. புதிய சொல் எது வந்தாலும் இக்காசுகளைக் கொண்டே அது விலை மதிக்கின்றது. நம் அணிநூலார் பிரிமொழிச் சிலேடை என ஒன்று கூறுவர்: ஒரே எழுத்துத் தொடரை ஒருவகையிற் பிரித்தால் ஒரு பொருளும், வேறுவகையிற் பிரித்தால் வேறு பொருளும் தருவது. காளமேகப் புலவர் சிலேடையிற் பெயர்பெற்றவர். புலவர் அறிந்து செய்வதை மழலையர் அறியாமற் செய்கின்றனர் என்பதே வேறுபாடு. அறுக்கும் கத்தி ஒன்றே.

திண்டிவனத்தினின்று விழுப்புரத்துக்குப் பாசஞ்சர் வண்டியில் நான்கு வயதுக் குழந்தையொன்றைச் சன்னலோரத்தில் அமர்த்திச் செல்வார்க்கு இக்கத்தியின் கூர்மை நன்கு விளங்கும். முதலில் வருவது மயிலம். அங்கே குழந்தைக்கு ஐயமில்லை; மயில் எங்கே என்பதே கேள்வி. குன்றின்மேல் முருகன் கோயில் இருப்பதால் பெரியோரும் அக்கேள்விக்கு இடர்ப்படாமல் விடை கூறிவிடுவர். அடுத்தது பேரணி. தேர்தற் காலத்தில் தெருவிற் கொடிபிடித்துச் செல்வதைப் பார்த்த குழந்தை, நிலையத்திற் கூட்டம் இல்லாமை கண்டு ஏமாறும். பின்னர் விக்கிரவாண்டி. பேச்சுவழக்கில் விற்கிற என்பது ‘விக்கிற’ என்றே ஒலிக்கின்றது; ஆகவே அவ்வூர் குழந்தைக்கு ‘விக்கிற வண்டி’யாகிவிடுகின்றது. சுண்டலும் முறுக்கும் விற்போர் அந்நேரத்தில் வண்டியில் ஏறிவிட்டாராயின், அக்கொள்கையை அசைக்க எவராலும் இயலாது. முண்டியம்பாக்கம் கழிந்தபின் விழுப்புரம். ‘விழு’ என்றால் யாவர்க்கும் தெரியும். யார் விழுந்தார் என்பதொன்றே தெரியவேண்டும். விழு என்னும் உரிச்சொல்லுக்குச் சிறந்த என்னும் பொருள் உண்டென்பதும், விழுப்பம், விழுமியது என்பன அதன் இனமென்பதும் இலக்கியம் பயின்றார்க்குத் தெரியும். நான்கு வயதினர்க்குத் தெரிவதற்கு வழியில்லை. ஒன்று கூறுவேன்: நிலையப் பலகையில் உள்ள ஆங்கில எழுத்தைப் பார்த்து ‘வில்’லை நினைத்து, வில்லாளர் வாழ்ந்த ஊர் என்று பொருள் கூறும் பெரியோரும் உளர். அவரைக் கண்டு எவரும் நகைப்பதில்லை.

கடற்கரைப் பக்கம் சென்றால் மரக்காணம் இருக்கின்றது. உப்பளங்கள் மிகுந்த ஊர். காணோம் என்பதை அப்பக்கத்து மக்கள் விரைந்து பேசுங்கால் ‘காணம்’ என்பர். ஆகவே, ‘எந்த மரத்தைக் காணம்?’ என்று ஒரு குழந்தை கேட்குமானால், அது பிழையாகக் கேட்கவில்லை. மிகச் சரியாகவே கேட்டிருக்கின்றது. மரமே இல்லாத உப்பளப் பரப்பைப் பார்த்துக்கொண்டு கேட்குமாயின், அக்கேள்விக்குக் கண்கூடான சான்றும் உண்டு.

இனித் திண்டிவனத்திற்கு வருவோம். வடமொழியில் திந்திரிணி என்பது புளியமரம். புளியங்காடாக இருந்தமையால் அவ்விடம் திந்திரிணிவனம் எனப்பட்டது என்பது வழிவழி வந்த விளக்கம். ஊரிலுள்ள சிவன் கோயிலும் திந்திரிணீசுவரர் கோயில் என்றே வழங்குகின்றது. திந்திரிணி என்பது தமிழ் நாவிற்கு எளிதன்று. அதனினும் முதன்மையாக, தமிழ்க் காதிற்கு அது யாதொரு பொருளும் தருவதன்று. திண்டி என்பதோ உணவென்னும் பொருளில் பேச்சில் உலவும் சொல். நீண்டு கிடந்த பெயர் குறுகிக் குறுகி வந்தபோது, பொருளற்ற ஒலியாக நில்லாமல், மக்கள் அறிந்த ஒரு சொல்லின் வடிவிலே வந்து நின்றது. புளியங்காடு சாப்பாட்டுக் காடாயிற்று. நெடுஞ்சாலையிற் செல்லும் பேருந்துகள் அங்கே நின்று பயணிகளுக்கு உணவருந்த இடம் தந்த காலங்களில், இப்பெயர்க்குக் காரணம் தேடி எவரும் அலைந்திருக்க மாட்டார். இம்மாற்றத்தைச் செய்தவர் எப்புலவரும் அல்லர். ஊர்ப்பெயரை முதன்முதற் கேட்டு, தமக்குத் தெரிந்த சொல்லை அதனுட் கண்டெடுத்த எண்ணிறந்தோர் செய்தது அது. அவருள் ஒவ்வொருவரும் ஒரு காலத்திற் குழந்தையே.

சற்றுத் தெற்கே விருத்தாசலம். அதன் பழைய தமிழ்ப் பெயர் முதுகுன்றம்; பழமலை என்றும் கூறுவர். பழமை பற்றி வந்த பழமலையைக் கனி விளையும் மலை என்று கொள்ளுதல் குழந்தைக்கு எவ்வளவு எளிது! ஆனால் இக்கோணத்தில் குழந்தையையும் விஞ்சியது பழனியின் கதை. சங்க நூலாகிய அகநானூற்றிற் பொதினி என வரும் ஊரே பிற்காலத்துப் பழனி என அறிஞர் கூறுவர். கனிக்காகச் சினந்து சென்ற முருகனை நோக்கிப் ‘பழம் நீ’ எனக் கூறியமையாற் பழனியாயிற்று என்னும் கதையைத் தமிழ்நாட்டில் அறியாதார் இலர். மொழிநூல் வழி நின்று பார்த்தால் இது சன்னலோரத்துக் குழந்தை விக்கிரவாண்டிக்குச் செய்தது போன்றதே. அக்கதையின் சமயப் பெருமையை இதனாற் குறைத்துக் கூறினேன் அல்லேன். சொல்லைப் பிரித்துக் கதை படைக்கும் ஆற்றல் பருவத்தோடு ஒழிவதன்று என்று காட்டவே எடுத்துக்கொண்டேன். மேனாட்டு மொழிநூலார் இதற்கு ஒரு பெயரிட்டிருக்கின்றனர். 1852-இல் ஃபோர்ஸ்டெமான் என்னும் செருமானிய அறிஞர் இதனை மக்கட் சொற்பிறப்பு என்னும் பொருள்பட அழைத்தார். நம் நாட்டு ஊழியத்தில் இருந்த ஆங்கிலேயர் தொகுத்து 1886-இல் வெளிவந்த பேரகராதி ஒன்றின் பெயரே இதற்கு எடுத்துக்காட்டு. மொகரம் ஊர்வலத்தில் ‘யா ஹசன், யா ஹுசைன்’ என எழும் துயரக் குரல் ஆங்கிலப் படைவீரர் காதில், அவர் நாட்டு மக்கட்பெயர்களான ‘ஹாப்சன்-ஜாப்சன்’ என விழுந்தது. யூலும், தஞ்சையில் நீதிபதியாய் இருந்த பர்னலும் தம் அகராதிக்கு அப்பெயரையே சூட்டினர்.

நம் இலக்கணத்தின் கண்கொண்டு இதனை நோக்குதல் பயன் தரும். நன்னூலார் பெயர்களை இடுகுறி என்றும் காரணம் என்றும் பகுத்தார். மண், மரம் என்பன இடுகுறி. பறவை, நாற்காலி போல்வன காரணம். தொல்காப்பியர் உரியியலில் இன்னும் நுட்பமாக, சொல் அப்பொருளைக் குறித்தற்குரிய காரணம் பார்த்த அளவிலே விளங்கித் தோன்றாது என்னும் கருத்தை வைத்தார். காரணம் இல்லை என்று அவர் கூறவில்லை. விரைந்து தோன்றாது என்றார். குழந்தையின் இலக்கணத்தில் இடுகுறிப்பெயர் என ஒன்று இல்லவே இல்லை. எல்லாப் பெயரும் காரணப்பெயர். அக்காரணமும் இன்றே, இப்பொழுதே தோன்றியாக வேண்டும். பெரியோர் தம் வாழ்நாளிற் பெரும்பாலான சொற்களை ‘அதற்கு அதுதான் பெயர்’ என்று ஒப்புக்கொண்டு விட்டுவிடுகின்றனர். குழந்தை ஒப்புக்கொள்ளுவதில்லை. இக்கட்டுரை முழுவதிலும் யான் கூற விரும்புவது இவ்வொன்றே.

இவ்வாறு தேடும் காரணம் சில சமயம் நம்மைத் திடுக்கிடச் செய்யும் அளவிற்குச் சரியாக அமைந்துவிடுகின்றது. ஞாயிற்றுக்கிழமை என்பதைக் கேட்டு, ‘அது கிழவனா?’ என்று வினவும் சிறுமியைக் கருதுங்கள். கேட்டார் நகைப்பர். ஆனால் கிழமை என்பதன் பழம்பொருள் உரிமை. ஆறாம் வேற்றுமையிற் தற்கிழமை, பிறிதின்கிழமை எனப் படித்தவர் நாமே. கிழவன் என்பதற்கும் உரியவன், தலைவன் என்பனவே முற்பட்ட பொருள்கள். முதியவன் என்பது பின்னர் வந்து ஒட்டியது. ஞாயிற்றுக்கு உரிய நாள் ஞாயிற்றுக்கிழமை. நிலத்துக்கு உரியவன் கிழவன். இரண்டும் ஒரே வேரின. அச்சிறுமி பொருளைத் தவறவிட்டாள்; வேரைத் தவறாமற் பிடித்தாள். கிறித்தவ இல்லங்களில் வளரும் குழந்தை சுவிசேஷம் என்பதைக் கேட்டு, வீட்டில் ஏதோ விசேஷம், விருந்து உண்டு என மகிழ்தலும் இவ்வாறே. சு என்னும் நன்மைப் பொருள் முன்னொட்டோடு, செய்தி என்னும் பொருளும் உடைய விசேஷம் சேர்ந்து நற்செய்தியென ஆயிற்று. ஊரிலிருந்து வந்தாரை ‘என்ன விசேஷம்?’ என நாம் கேட்பதும் அப்பொருளிலேதான். குழந்தை வெட்டிய இடம் சரியான இடம்.

பிறிதொரு வகையில் முழுதும் வழுவாயினும் ஒழுங்கு தவறாதது உண்டு. மாமரம் மாமாவின் மரம் என்று ஒரு சிறுவன் முடிவு செய்வானாயின், அத்திமரத்தைக் கண்டவுடன் அது அத்தையின் மரம் என்று கூறத் தயங்கான். பாட்டி என்பாள் பாட்டுப் பாடுகிறவள். பாடாத பாட்டி பாட்டியல்லள். ஆத்திசூடியைச் சூடான பண்டம் ஒன்றாகக் கருதுவதும் உண்டு. ஒரு விதியைக் கண்டுபிடித்து, அதனை அடுத்த சொல்லிற் பொருத்திச் சோதிப்பதே இங்கெல்லாம் நடப்பது.

மேனாட்டார் இவற்றை முறையாகத் தொகுத்திருக்கின்றனர். ஜீன் பெர்கோ என்னும் அம்மையார் 1958-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், வெள்ளிக்கிழமைக்குரிய ‘ஃபிரைடே’ என்னும் பெயர்க்குக் காரணம் கேட்டபோது, அன்று பொரித்த மீன் உண்பதால் என ஒரு குழந்தை விடை தந்தது. ‘ஃபிரைடு’ என்றால் பொரித்தது. கைக்குட்டைக்குரிய ஆங்கிலச் சொல்லின் பிற்பகுதியைத் தும்மல் ஒலியாகக் கொண்டது மற்றொன்று. உருசியக் கவிஞர் கோர்னேய் சுக்கோவ்ஸ்கி ‘இரண்டிலிருந்து ஐந்துவரை’ என்னும் நூலில் இத்தகையன பலவற்றைத் தொகுத்தார். வாசலின் என்னும் களிம்பை, பூசுதல் என்னும் பொருளுடைய தம் மொழிச் சொல்லோடு பொருத்தி ‘மாசலின்’ என்றனர் அந்நாட்டுக் குழந்தைகள். அமெரிக்க எழுத்தாளர் சில்வியா ரைட் 1954-இல், தாம் இளமையில் ஒரு பழம்பாட்டின் சொற்களைப் பிறழக் கேட்டு, பாட்டில் இல்லாத ‘மாண்டகிரீன் சீமாட்டி’ ஒருத்தியைப் படைத்துக்கொண்டதை எழுதினார். அன்றுமுதல் அத்தகைய செவிப்பிறழ்ச்சிக்கே அப்பெயர் வழங்கலாயிற்று. பள்ளி வழிபாட்டிற் பொருள் விளங்காத பாடல்களைக் கூட்டமாகப் பாடி வளர்ந்த நம்மவருள், தத்தம் சீமாட்டியரை உடையார் எத்துணையரோ!

மிக இளங்குழந்தைகளிடத்து வேறொன்று காண்கின்றோம். அவர்கள் சொல்லைப் பிரிப்பதில்லை, பரப்புகின்றனர். சார்லஸ் டார்வின் தம் மகனது குழவிப்பருவக் குறிப்புகளை 1877-இல் வெளியிட்டார். அக்குழந்தை உணவை ‘மம்’ என்றது. நம் வீடுகளில் சோற்றை ‘மம்மு’ என்பதை ஒப்புநோக்குக. சர்க்கரைக்கு அச்சொல்லின் முன் ஓர் ஒலியைச் சேர்த்து ‘ஷூ-மம்’ என்றது. கருமை என்னும் சொல்லைக் கற்றபின் அதிமதுர மிட்டாயைக் ‘கரிய ஷூ-மம்’ என்றது. தமிழிலக்கணத்தார் இதனைப் பண்புத்தொகை என்று மகிழ்ந்திருப்பர்! டார்வின் கூறியதாக ரோமானிஸ் 1888-இல் எழுதியது இதனினும் வியப்பு. டார்வினுடைய பேரக்குழந்தை வாத்தைக் ‘குவாக்’ என்றது. வாத்து நீந்திய நீரும் குவாக். பின்னர்ப் பறவையும் பூச்சியும் எல்லாம் குவாக். நீர்மப் பொருளனைத்தும் குவாக். கடைசியிற் பிரெஞ்சுக் காசொன்றிற் கழுகின் உருவம் கண்டு, காசுகள் எல்லாம் குவாக் ஆயின. வாத்தினின்று காசுவரை வந்த வழியைத் தெரியாதவர்க்கு அது பிதற்றல். தெரிந்தவர்க்கோ ஒரு படியும் தாண்டாத ஏணி.

நம் மொழியில் இப்பரப்பலுக்கு ஏற்ற விளைநிலம் இளமைப்பெயர்கள். தொல்காப்பிய மரபியல் பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என ஒன்பது கூறும். நாய்க்குட்டியையும் ஆட்டுக்குட்டியையும் அறிந்த குழந்தை ‘வாழைக்குட்டி’ என்பது இயல்பே. வாழைக்கன்று என நாம் திருத்தினால், பால் குடிக்குமா என்று கேட்கும். தென்னம்பிள்ளை எந்தப் பள்ளிக்குச் செல்லுகின்றது என்பதும் கேட்கத்தக்க கேள்வியே. மரபுவழு என்று நாம் ஒதுக்குவனவற்றுள் மரபே நியாயமின்றி இருப்பதைக் குழந்தை வெளிப்படுத்திவிடுகின்றது.

இதற்கு மாறாக, வினைச்சொல்லின் விகுதிகளில் நம் குழந்தைகள் மிகுதியாக இடறுவதில்லை. 1989-இல் பரிமளா இராகவேந்திரா, லாரன்ஸ் லெனர்ட் என்னும் இருவர் தமிழ்க் குழந்தைகளை ஆராய்ந்து, இரண்டு வயதளவிலேயே காலமும் இடமும் காட்டும் ஈறுகளை அவை பெரும்பாலும் பிழையின்றி வழங்குதலைக் கண்டனர். வந்தான், வந்தாள் என்னும் ஈறுகள் தெளிவாக ஒலிப்பன, ஒழுங்கு மாறாதன. ஒழுங்குள்ள இடத்திற் குழந்தை விரைவில் தேறுகின்றது. ஒழுங்கில்லாத இடத்தில் தானே ஒன்றைப் படைக்கின்றது. ‘போய் வருகிறேன்’ என்று கூறிவிட்டுச் செல்லும் தந்தை, வருவதாகச் சொன்ன சொல்லை நம்பி வாயிலிற் காத்திருக்கும் குழந்தையை நினைப்பதில்லை. அச்சொல் நமக்கு விடைபெறும் வழக்கு, அதற்கு வாக்குறுதி.

இனி, பள்ளியைப் பற்றி. விழுப்புரம், திண்டிவனம் பக்கத்தில் வேர்க்கடலைக்கு மல்லாட்டை என்பது பெயர். தென்னமெரிக்காவில் தோன்றிய இப்பயிரைப் பிலிப்பைன் தீவுகளின் மணிலா நகரோடு தொடர்புபடுத்தி மணிலாக்கொட்டை என்றனர்; அது மல்லாக்கொட்டையாகி, மல்லாட்டையாய் நின்றது. திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கின்றது. அங்கே உருவான கடலை வகைகள் திண்டிவனத்தைக் குறிக்கும் டி.எம்.வி. என்னும் எழுத்துக்களோடு இந்தியா முழுதும் அறியப்பட்டவை. அத்தகைய நாட்டில், ஆட்டை என்றால் விளையாட்டு என அறிந்த சிறுவன் மல்லாட்டை எத்தகைய ஆட்டை என்று கேட்டால், அக்கேள்வியிலிருந்து மணிலாவுக்கும் தென்னமெரிக்காவுக்கும் ஒரு பாடம் நடத்தலாம். நடப்பதோ வேறு. பாடநூலில் ‘நிலக்கடலை’ என்று இருக்கின்றது; படத்தைப் பார்த்து ‘மல்லாட்டை’ என்ற சிறுவனிடம் ‘தப்பு’ என்று கூறி, வகுப்பை நகைக்கவிட்டுவிடுகின்றனர். வீட்டிற் கொல்லையிற் பிடுங்கி, கொடியோடு சுட்டுத் தின்ற பொருளின் பெயர் தப்பென்று அறிந்தவன், தான் அறிந்த மற்றவையும் தப்பாக இருக்குமோ என அஞ்சுவான்.

அப்பக்கத்துச் சிற்றூர்ப் பள்ளியொன்றில் யான் கண்டது ஒன்று. முதல் வகுப்பிற் கிழமைகளின் பெயர்களை ஒப்பித்துக்கொண்டிருந்தனர். செவ்வாய்க்கிழமைக்கு வாய் ஏன் சிவந்தது, வெற்றிலை போட்டதா என ஒரு பெண்குழந்தை எழுந்து கேட்டது. வகுப்பு சிரித்தது, ஆசிரியரும் சிரித்து, ‘உட்காரு, வாயை மூடு’ என்றார். அவர் கொடியவர் அல்லர். ஐம்பது குழந்தைகளை ஒருங்கே கட்டியாள வேண்டியவர். ஆயினும் செம்மை, வாய் என அச்சிறுமி பிரித்த முறையிற் குற்றம் காண நன்னூலாராலும் இயலாது. வானத்திற் செந்நிறமாய்த் தோன்றும் கோளின் பெயரில் அச்செம்மை இருக்கவே இருக்கின்றது. சில திங்கள் கழித்து அவ்வகுப்பிற்கு மீண்டும் சென்றபோது அக்குழந்தை பெயர்களையெல்லாம் தடையின்றி ஒப்பித்தது. கேள்வி ஒன்றும் கேட்கவில்லை.

அப்படியாயின் திருத்தவே வேண்டாவோ எனின், வேண்டும். திருத்தும் முறையிலேதான் வேறுபாடு. ‘வாழைக்குட்டியைப் பார்’ என்ற குழந்தைக்கு, ‘ஆமாம், கன்று நேற்றைவிட வளர்ந்துவிட்டது’ என்று மறுமொழி கூறினால் போதும். சரியான சொல் காதில் விழுந்துவிடுகின்றது, பேச்சு முறியவில்லை. மூன்று வயதுக்கு மேற்பட்டதாயின், ‘ஏன் அப்படிச் சொன்னாய்?’ என்று முதலிற் கேட்டு, காரணத்தைக் கேட்டபின் நம் காரணத்தையும் கூறலாம். கைப்பிடித்து எழுதப் பழக்கும் அத்துணைப் பொறுமையைக் கேட்டலிலும் காட்டினாற் போதும். ஓர் எச்சரிக்கை: இரண்டு வயது நிரம்பியும் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாத குழந்தையையும், பின்னின்று அழைத்தால் திரும்பாத குழந்தையையும் மழலையழகென்று எண்ணி வாளாவிருத்தல் ஆகாது. செவிப்புலனைச் சோதிக்கும் மருத்துவரிடம் காலந்தாழ்த்தாமற் காட்டவேண்டும்.

நம் மாணவருள் தம்பி தங்கையரையோ, அண்ணன் அக்கையர் மக்களையோ உடையார் பலர். அவர்கள் ஒரு குறிப்பேடு தொடங்கலாம். குழந்தையின் வயதைத் திங்கட் கணக்கில் எழுதுக. அது கூறியதைக் கூறிய ஒலியிலேயே எழுதுக; செந்தமிழாக்கி எழுதினாற் பயன் கெடும். அப்போது அதன் கண்முன் இருந்தது யாது, சற்று முன்னர்க் கேட்டது யாது என்பனவும் வேண்டும். காசு ஏன் குவாக் ஆயிற்று என்பது கழுகைக் குறித்து வைக்காவிடிற் தெரிந்திராது. காரணம் கேட்டு அது கூறிய விடையை இறுதியிற் சேர்க்க. விடுமுறை முடிந்து வரும்போது அத்தகைய குறிப்புகளைத் தமிழ்த்துறையில் ஒப்புவிப்பார் உளராயின், அடுத்த மலரில் அவற்றைத் தொகுத்து வெளியிடலாம். ஊரும் வயதும் இருந்தாற் போதும். குழந்தையின் பெயர் வேண்டா.